கருவில் உருவாகும் காப்பு



பாலூட்டிகளின் கருவில் நோயெதிர்ப்பு செல்கள் எப்படி உருவாகின்றன என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். பச்சைக் குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தி இன்னும் வரவில்லை என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதுண்டு. மருத்துவப் பாடநூல்களும் நெடுங்காலம் அதையே வேறு சொற்களில் எழுதிவந்தன. பிறந்த குழந்தையின் நோயெதிர்ப்பு முதிராதது, பெரியவர்களுடையதன் அரைகுறை வடிவம் என்றன. கடந்த அறுபது எழுபது ஆண்டு ஆராய்ச்சி இதைத் திருத்தியிருக்கிறது. கருவின் நோயெதிர்ப்புக்கு அதற்கே உரிய செல்கள் உண்டு; அந்தக் காலத்துக்கே உரிய வேலைகள் உண்டு. அவற்றில் சில செல்கள் பிறப்புக்குப் பிறகு மறுபடி உருவாவதே இல்லை. கருவில் எது, எப்போது, எங்கே உருவாகிறது என்று தெரிந்துகொண்டால், தாய்சேய் நலத்தில் நாம் எதை எப்போது செய்ய வேண்டும் என்பதும் தெளிவாகும். அதை உங்கள் முன் எடுத்துவைக்கவே வந்திருக்கிறேன்.

இரத்தம் பிறக்கும் இடம்

நோயெதிர்ப்பு செல்கள் இரத்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகவே அவற்றின் பிறப்பைத் தேடிப் போனால் இரத்தத்தின் பிறப்பில்தான் போய் நிற்போம். வளர்ந்த மனிதருக்கு இரத்தம் ஊறும் இடம் எலும்பு மஜ்ஜை. ஆனால் மூன்று வாரக் கருவுக்கு எலும்பே கிடையாது. அந்த மூன்றாம் வாரத்திலேயே, கருவின் உடலுக்கு வெளியே ஒட்டியிருக்கும் கரு உணவுப்பையின் சுவரில் முதல் இரத்தச் செல்கள் திட்டுத் திட்டாகத் தோன்றிவிடுகின்றன.

கரு உணவுப்பையில் தோன்றும் இந்தச் செல்களே பிற்பாடு கல்லீரலுக்கும் மஜ்ஜைக்கும் குடிபெயர்ந்து வாழ்நாள் முழுதும் இரத்தம் தருகின்றனவா? 1970-இல் மால்கம் மூரும் டொனால்டு மெட்காஃபும் சுண்டெலிக் கருக்களை ஆராய்ந்து ஆம் என்று சொன்னார்கள். ஐந்தாண்டு கழித்துப் பிரான்சில் பாரிசை அடுத்த நோஜான்-சுர்-மார்னில் பிரான்சுவாஸ் டீட்டர்லன்-லியெவ்ர் ஓர் அழகான சோதனை செய்தார். காடையின் செல்லையும் கோழியின் செல்லையும் நுண்ணோக்கியில் உட்கருவைப் பார்த்தே பிரித்துச் சொல்லிவிடலாம் என்பதை அவருடைய சகா நிக்கோல் லெ துவாரென் முன்பே காட்டியிருந்தார். அதைப் பயன்படுத்தி, இரத்த ஓட்டம் தொடங்கும் முன்பே, கோழியின் கரு உணவுப்பை மேல் காடையின் கருவை ஒட்டவைத்து வளர்த்தார். கரு வளர்ந்த பிறகு தைமஸிலும் மண்ணீரலிலும் இருந்த செல்கள் காடையுடையவையாக இருந்தன. நிலைத்த இரத்தத்தின் ஊற்று கரு உணவுப்பையில் இல்லை, கருவின் உடலுக்குள்ளேயே எங்கோ இருக்கிறது என்பது உறுதியானது.

பறவையில் கண்டது பாலூட்டிக்கும் பொருந்துமா என்ற கேள்விக்கு விடை வர மேலும் இருபது ஆண்டு ஆனது. சுண்டெலியின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 20 நாள். பத்தாம், பதினோராம் நாள் கருவில் முதுகை ஒட்டி ஓடும் பெருந்தமனியையும் அதன் சுற்றுப்புறத்தையும் மட்டும் வெட்டியெடுத்து, தனியே வளர்த்து, அந்தச் செல்களைக் கதிர்வீச்சால் மஜ்ஜை அழிந்த சுண்டெலிக்கு ஏற்றினார்கள் அலெக்சாண்டர் மெட்வின்ஸ்கியும் எலைன் ட்சியர்சாக்கும். அழிந்த இரத்தம் முழுவதும் மீண்டும் உருவானது. இது வெளிவந்தது 1996-இல். அதே ஆண்டு மனுவேலா டாவியனின் குழு, ஐந்து வார மனிதக் கருவின் பெருந்தமனியிலும் அதே போன்ற செல் கொத்துகள் இருப்பதைக் காட்டியது.

இந்த இடத்தில் சற்று நின்று வியக்கலாம். பெருந்தமனியின் உட்சுவரில் வரிசையாகப் பதிந்திருக்கும் தட்டையான செல்களில் சில, மெல்ல உருண்டு, பக்கத்துச் செல்களின் பிடியிலிருந்து விடுபட்டு, இரத்த ஓட்டத்துக்குள் நழுவி விழுகின்றன. விழும்போது அவை குழாய்ச் சுவரின் செல்கள் அல்ல, எல்லா வகை இரத்தச் செல்களையும் தரவல்ல இரத்தக் குருத்தணுக்கள். 2010-இல் வரிக்குதிரை மீன் கருவிலும் சுண்டெலிக் கருவிலும் இதை நுண்ணோக்கியில் நேரடியாகப் படமெடுத்தார்கள். மனிதக் கருவில் இந்த வாய்ப்பு நான்காம் வார முடிவில் தொடங்கி, இரண்டே வாரத்தில் முடிந்துவிடுகிறது. இந்த அரங்கில் அமர்ந்திருக்கும் ஒவ்வொருவர் மஜ்ஜையிலும் இன்று இரத்தம் ஊறுவது அந்த இரண்டு வாரத்தில் பிறந்த குருத்தணுக்களின் வழிவந்தவற்றால்தான்.

பிறந்த குருத்தணுக்கள் கல்லீரலுக்குப் போகின்றன. கருவில் கல்லீரல்தான் இரத்தத் தொழிற்சாலை. மஜ்ஜையில் இரத்தம் ஊறத் தொடங்குவது மூன்றாம் மாதவாக்கில்; கல்லீரலிடமிருந்து அது முதன்மைப் பொறுப்பை வாங்கிக்கொள்வது கர்ப்பத்தின் பிற்பகுதியில். கருவின் குருத்தணுக்கள் ஓயாமல் பிரிந்து பெருகுபவை. பெரியவரின் மஜ்ஜையில் இருப்பவையோ பெரும்பாலும் உறங்கிக் கிடப்பவை. பிறக்கும்போது தொப்புள்கொடியில் எஞ்சும் இரத்தத்திலும் இந்த வீரியமான குருத்தணுக்கள் உண்டு. 1988-இல் பாரிசில் எலியான் குளுக்மன், மஜ்ஜை செயலிழக்கும் ஃபான்கோனி இரத்தசோகையால் அவதிப்பட்ட ஒரு சிறுவனுக்கு, அவனுடைய தங்கை பிறந்தபோது சேமித்த தொப்புள்கொடி இரத்தத்தை ஏற்றிக் குணப்படுத்தினார். உலகின் முதல் தொப்புள்கொடி இரத்த மாற்று அதுவே.

முதலில் வருபவை

பெருந்தமனியில் குருத்தணு பிறக்கும் முன்பே கரு உணவுப்பை ஒரு முக்கியமான கொடையைத் தந்துவிடுகிறது. அவை பெருவிழுங்கணுக்கள்: கிருமியையும் இறந்த செல்லையும் விழுங்கிச் செரிக்கும் செல்கள். உடலின் பெருவிழுங்கணுக்கள் எல்லாம் மஜ்ஜையிலிருந்து இரத்தம் வழியே வரும் மோனோசைட்டுகளிலிருந்து உருவாகின்றன என்று ரால்ஃப் வான் ஃபர்த் முதலானோர் 1960-களின் இறுதியில் வகுத்த கோட்பாடு நாற்பது ஆண்டு நிலைத்திருந்தது.

அதை அசைத்தது மூளை. மூளையில் மைக்ரோகிளியா என்னும் பெருவிழுங்கணுக்கள் உண்டு. 1919-இல் ஸ்பெயினின் பியோ டெல் ரியோ-ஒர்த்தேகா இவற்றைத் தனி இனமாகப் பிரித்துக் காட்டியபோதே, இவை கருப்பருவத்தில் வெளியிலிருந்து மூளைக்குள் குடியேறியவை என்று கருதினார். 2010-இல் ஃபுளோரான் ஜின்ஹூ, மிரியம் மெராட் குழுவினர், சுண்டெலியின் ஏழாம் நாள் கருவில், கரு உணவுப்பையில் தோன்றும் செல்களுக்கு மட்டும் அழியாத ஒளிரும் அடையாளம் இட்டார்கள். சுண்டெலி வளர்ந்து பெரிதான பின் பார்த்தபோது மைக்ரோகிளியாவில் அந்த அடையாளம் இருந்தது. இரத்தத்தின் மோனோசைட்டுகளில் ஏறத்தாழ இல்லை. கரு உணவுப்பை தேய்ந்து மறைந்த பிறகும் அதன் பிள்ளைகள் மூளையில் தமக்குள் பெருகி ஆயுள் முழுதும் வாழ்கின்றன.

இவை இவ்வளவு முன்கூட்டி வருவது எதற்கு? கருப்பையில் வழக்கமாகக் கிருமித் தாக்குதல் இல்லையே! உடலைக் கட்டும் பணியில் இவற்றுக்குப் பங்கு இருக்கிறது. மூளை வளரும்போது தேவைக்கு அதிகமாக நரம்பு செல்களும் இணைப்புகளும் உருவாகின்றன. வேண்டாதவற்றை அகற்றுவது மைக்ரோகிளியா. கருவின் கல்லீரலில் சிவப்பணு முதிரும்போது வெளியே தள்ளும் உட்கருவை விழுங்குவது அங்கிருக்கும் பெருவிழுங்கணு. எலும்பை அரித்து வடிவம் கொடுக்கும் செல்களிலும் முதலில் வருபவை இந்தப் பரம்பரையைச் சேர்ந்தவையே. அவை இல்லாத சுண்டெலிக்குப் பல் முளைப்பதில்லை. நுரையீரலுக்கான பெருவிழுங்கணுக்கள் கருவின் மோனோசைட்டுகளாக வந்து காத்திருந்து, குட்டி பிறந்து மூச்சிழுத்த முதல் வாரத்தில் முழுமை பெறுகின்றன. நோயெதிர்ப்பு என்றாலே போர் என்று நினைத்துப் பழகிவிட்ட நமக்கு, அதன் முதல் தொழில் கட்டுமானம் என்பது புதிய செய்தி.

தைமஸ்

மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி எதற்கும் உதவாதது என்று 1961 வரை எண்ணியிருந்தார்கள். வளர்ந்த விலங்கிலிருந்து அதை அகற்றினால் பெரிய கேடு எதுவும் தெரியவில்லை என்பதே காரணம். லண்டனில் சுண்டெலிகளின் இரத்தப் புற்றுநோயை ஆராய்ந்துகொண்டிருந்த ஜாக் மில்லர், பிறந்தவுடனே தைமஸை எடுத்துப் பார்த்தார். அந்தச் சுண்டெலிகளுக்கு லிம்ஃபோசைட்டுகள் வெகுவாகக் குறைந்தன. வேற்று இனச் சுண்டெலியின் தோலை ஒட்டினால்கூட அவற்றின் உடல் அதை நிராகரிக்கவில்லை. பல நோயுற்று இறந்தன. லிம்ஃபோசைட்டுகளில் ஒரு வகையான டி செல்களின் கல்விக்கூடம் தைமஸ் என்பது அப்படித்தான் தெரிந்தது.

இங்கே உயிரினத்துக்கு உயிரினம் காலக்கணக்கு மாறுவதையும் கவனிக்க வேண்டும். சுண்டெலியின் தைமஸ் முதிர்ந்த டி செல்களைப் பெருமளவில் வெளியே அனுப்பத் தொடங்குவது பிறப்பை ஒட்டித்தான். மனிதக் கருவிலோ தைமஸுக்குள் எட்டு ஒன்பது வாரத்தில் முன்னோடிச் செல்கள் நுழைந்து, நான்காம் மாதவாக்கில் டி செல்கள் உடலெங்கும் பரவத் தொடங்கிவிடுகின்றன. செம்மறியாட்டைப் பாருங்கள். அதன் கர்ப்பகாலம் சுமார் 150 நாள். 1960-களில் ஆர்தர் சில்வர்ஸ்டைன், சுமார் 77 நாளைக் கடந்த ஆட்டுக் கரு, ஒட்டிய அயல் தோலை வளர்ந்த ஆட்டைப் போலவே நிராகரிப்பதைக் கண்டார். எதிர்ப்பொருள் உண்டாக்கும் திறனும் அந்தக் கருவுக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஒரு பாக்டீரிய வைரஸுக்கு முதலில், ஒரு புரதத்துக்குப் பிறகு, இன்னொன்றுக்கு வெகு பின்னால் என்று வரிசைப்படி வந்தது.

தைமஸிலிருந்து வெளியேறும் செல்களிலும் முறைவைப்பு உண்டு. 1988-இல் வென்டி ஹாவ்ரனும் ஜேம்ஸ் அலிசனும் சுண்டெலிக் கருவில் இதைக் கண்டார்கள். காமா-டெல்டா என்னும் ஒரு வகை டி செல்களில் முதல் அலை தோலுக்கு. அடுத்த அலை கருப்பை, நாக்கு போன்ற இடங்களுக்கு. தோலுக்குப் போகும் செல்கள் எல்லாம் ஒரே மாதிரியான ஏற்பியைத் தாங்கியிருக்கின்றன. பெரியவர்களின் டி செல்களில் ஏற்பிகளைக் கோடிக்கணக்கில் வேறுபடுத்தும் ஒரு நொதி கருவில் இன்னும் வேலை செய்யத் தொடங்காததே இதற்கு ஒரு முக்கியக் காரணம். பன்முகத் தன்மை இல்லாததை இங்கே குறையென்று சொல்ல முடியாது. தோல் காயப்பட்டால் உடனே அறிந்து ஆற்றுவதே அந்தச் செல்லின் வேலை. அதற்கு ஓர் ஏற்பி போதும். அந்த அலை கருவில் ஒருமுறை வந்து போனால் மீண்டும் வராது.

பி செல்களிலும் இப்படித்தான். பி-1 என்னும் வகை பெரும்பாலும் கருப்பருவத்திலும் பிறப்பை ஒட்டியும் உருவாகிறது. கிருமியைச் சந்திக்கும் முன்பே, பல பாக்டீரியாக்களுக்குப் பொதுவான மூலக்கூறுகளில் ஒட்டக்கூடிய எதிர்ப்பொருளை இது சுரந்துகொண்டிருக்கும்.

இவற்றையெல்லாம் தொகுத்துப் பார்த்த ஸ்டான்ஃபோர்டின் ஹெர்சன்பர்க் தம்பதியர் 1989-இல், நோயெதிர்ப்பு அடுக்கடுக்காகக் கட்டப்படுகிறது என்ற கருத்தை முன்வைத்தனர். நம் ஊர்ப் பெருங்கோயில்களில் ஒரு காலத்தில் எழுந்த கருவறையை இடிக்காமல், அடுத்து வந்தவர்கள் மண்டபமும், அவர்களுக்கு அடுத்து வந்தவர்கள் பிராகாரமும் கோபுரமும் எழுப்பினார்கள். எல்லாம் சேர்ந்தே இன்று வழிபாட்டில் இருக்கின்றன. நோயெதிர்ப்பின் அடுக்குகளும் அப்படியே. 2012-இல் ஸ்டீஃபன் முல்ஜோ குழுவினர், கருவின் குருத்தணுக்களில் மிகுந்திருக்கும் லின்28பி என்னும் மரபணுவை வளர்ந்த சுண்டெலியின் மஜ்ஜைச் செல்களில் இயக்கியபோது, அவை கருவுக்கே உரிய லிம்ஃபோசைட்டு வகைகளைத் தந்தன. எந்த அடுக்கைக் கட்டுவது என்ற குறிப்பு குருத்தணுவுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

பொறுத்துக்கொள்ளும் கல்வி

கருவின் பாதி மரபு தாயுடையது. ஆனால் தாயின் மரபில் பாதி கருவிடம் இல்லை. ஆகவே தாயின் செல்கள் கருவுக்கு அயலானவை. அவை நஞ்சுக்கொடியைக் கடந்து கருவுக்குள் வரவும் செய்கின்றன. கரு ஏன் அவற்றைத் தாக்குவதில்லை?

இந்தக் கேள்வியின் வேர் மாட்டுத் தொழுவத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் ரே ஓவன் 1945-இல், நஞ்சுக்கொடியில் இரத்தக்குழாய்கள் இணைந்து வளர்ந்த இரட்டைக் கன்றுகள், வளர்ந்த பின்னும் ஒன்றின் இரத்தச் செல்லை மற்றது சுமந்திருப்பதைக் கண்டார். இங்கிலாந்தில் பீட்டர் மெடவார், ஒரே கருமுட்டையில் பிறந்த இரட்டைக் கன்றுகளைத் தோல் ஒட்டுச் சோதனையால் பிரித்தறியலாம் என்று இறங்கினார். ஏறத்தாழ எல்லா இரட்டைகளும் ஒன்றன் தோலை மற்றது ஏற்றுக்கொண்டதைப் பார்த்துத் திகைத்தார். பிறகு ரூப்பர்ட் பில்லிங்ஹாம், லெஸ்லி பிரென்ட் இருவரோடும் சேர்ந்து, சுண்டெலிக் கருக்களுக்குள் வேற்று இனத்தின் செல்களைச் செலுத்தினார். அவை வளர்ந்த பின் அந்த இனத்தின் தோலை ஏற்றன. 1953-இல் வெளியான இந்தக் கட்டுரையே உறுப்பு மாற்று இயலின் அடித்தளங்களுள் ஒன்று. இத்தகைய சகிப்பைக் கோட்பாட்டளவில் முன்கூட்டியே கணித்திருந்த மேக்ஃபார்லேன் பர்னெட்டும் மெடவாரும் 1960-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

மனிதக் கருவில் இது நடக்கும் வழியில் ஒன்றை 2008-இல் ஜெஃப் மோல்டு, ஜோசஃப் மெக்கூன் குழுவினர் காட்டினர். கருவின் நிணநீர் முடிச்சுகளில் தாயின் செல்கள் இருந்தன. அவற்றைச் சந்தித்த கருவின் டி செல்கள் அடக்கும் டி செல்களாக மாறி, தாய்க்கு எதிரான தாக்குதலைத் தடுத்தன. அந்தச் சமாதானம் பிறந்த பிறகும் பல்லாண்டு நீடித்தது. தாக்கும் திறன் இருந்தும் பொறுத்துக்கொள்ளும்படி பயிற்சி பெறுகிறது கரு.

இந்தப் பெருந்தன்மைக்கு விலையும் உண்டு. கறவை மாடுகளைத் தாக்கும் ஒரு வகைக் கழிச்சல் வைரஸ், சினையின் ஏறத்தாழ முதல் நான்கு மாதத்துக்குள் கருவைத் தொற்றினால், அந்தக் கன்று வைரஸைத் தன்னுடையதாகவே ஏற்றுக்கொள்ளும். ஆயுள் முழுதும் எதிர்க்காமல் மந்தையெங்கும் பரப்பிக்கொண்டிருக்கும். பின்னால் தொற்றினால் கன்று எதிர்ப்பொருளை உண்டாக்கிக் கிருமியை வென்றுவிடும். அதே கிருமி, அதே கரு. மாறியது மாதம் மட்டுமே.

கருப்பருவத்தில் நேரும் இன்னொரு தீங்கையும் சொல்ல வேண்டும். 1997-இல் மெல் கிரீவ்ஸ் குழுவினர், இரத்தப் புற்றுநோய் கண்ட சில குழந்தைகளின் பிறந்த சமயத்து இரத்தப் பொட்டுகளை ஆராய்ந்தனர். பிறந்த குழந்தைக்குக் குதிகாலில் குத்தி அட்டையில் எடுத்துவைக்கும் பொட்டுகள் அவை. புற்றுச் செல்லின் மரபணுக் கோளாறு அன்றே அவற்றில் இருந்தது. வேகமாகப் பெருகும் கருவின் இரத்தச் செல்லில் நேரும் பிழை, ஆண்டுகள் கழித்து நோயாக வெளிப்படலாம்.

தாய் தருவது

கரு தன் நோயெதிர்ப்பைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே தாய் தன்னுடையதில் ஒரு பங்கைக் கொடுக்கிறாள். மனிதரில் நஞ்சுக்கொடியின் வெளிப்படலத்தில் ஓர் ஏற்பி உண்டு. அது தாயின் இரத்தத்திலிருந்து ஐஜிஜி என்னும் வகை எதிர்ப்பொருளைப் பற்றிக் கருவுக்குள் விடுகிறது. சுமார் 13-ஆம் வாரத்தில் சிறிதாகத் தொடங்கும் இந்தக் கொடை, கடைசி மூன்று மாதத்தில், அதிலும் கடைசி நான்கு வாரத்தில் மிகுதியாகிறது. நிறைமாதக் குழந்தையின் இரத்தத்தில் இது தாயிடம் உள்ளதைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும். 28 வாரத்தில் பிறக்கும் குழந்தை இதில் பெரும்பங்கை இழக்கிறது. குறைமாதக் குழந்தைகளைத் தொற்று எளிதில் தாக்குவதற்கு இது முக்கியமான காரணம்.

பசுவின் நஞ்சுக்கொடி இந்த எதிர்ப்பொருளைக் கடத்துவதில்லை. கன்று வெறுங்கையோடு பிறந்து, சீம்பாலில்தான் அதைப் பெறுகிறது. அதன் குடல் எதிர்ப்பொருளை முழுதாக உறிஞ்சுவது முதல் ஒரு நாள் அளவுக்குத்தான். சீம்பாலில் நாம் பங்கு கேட்கும் முன் கன்று வயிறாரக் குடித்தாக வேண்டும்.

நம் நாட்டில் கருவழிக் காப்பின் வெற்றிக்குக் கண்கண்ட சான்று, பச்சிளங்குழந்தைகளின் இரணஜன்னி. கர்ப்பிணிக்குப் போட்ட ஊசியால் உருவான எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே போய், தொப்புள் புண்ணில் நுழையும் கிருமியின் நச்சை முறிக்கிறது. சுத்தமான பிரசவமும் இந்த ஊசியும் சேர்ந்து, 2015-இல் இந்தியா இந்த நோயை ஒழித்த நாடாக உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றது.

தாயின் உணவும் இதில் சேரும். 2014-இல், வைட்டமின் ஏ குறைந்த தீவனம் தின்ற சுண்டெலித் தாய்க்குப் பிறந்த குட்டிகளுக்கு நிணநீர் முடிச்சுகள் சிறுத்திருந்ததையும், அவை வளர்ந்த பின்னும் நோயெதிர்ப்பு தளர்ந்திருந்ததையும் ஆய்வாளர்கள் கண்டனர். நிணநீர் முடிச்சு எழ வேண்டிய இடத்தைக் கருவில் குறித்துத் தரும் செல்களுக்கு அந்த வைட்டமின் தேவைப்படுகிறது. இதற்காக வைட்டமின் ஏ மாத்திரையை அள்ளி விழுங்கக் கூடாது; மிகுந்தால் அதுவே கருவைச் சிதைக்கும். கீரை, மஞ்சள் நிறக் காய்கனி, பால், முட்டை உள்ள நல்ல சாப்பாடே நான் பரிந்துரைப்பது.

நாம் செய்ய வேண்டியது

தமிழ்நாட்டில் கர்ப்பத்தை 12 வாரத்துக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவுசெய்யச் சொல்கிறோம். நல்ல ஏற்பாடு, கிராமச் சுகாதாரச் செவிலியர்கள் அதற்காக வீடு வீடாக நடக்கிறார்கள். ஆனால் இன்று நான் சொன்ன காலக்கணக்கை அந்த 12 வாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்குள் கரு உணவுப்பையின் செல்கள் மூளையில் குடியேறிவிட்டன. பெருந்தமனியில் குருத்தணு பிறந்து முடிந்துவிட்டது. தைமஸுக்குள் முதல் செல்கள் நுழைந்துவிட்டன. பெயர் பதிவாகும் நாளில் அடித்தளம் ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது.

கருவை மிக மோசமாகத் தாக்கும் கிருமிகளில் ஒன்றான ரூபெல்லாவும் இந்த முதல் வாரங்களில்தான் அதிகக் கேடு செய்கிறது. தாய்க்கு வந்த ரூபெல்லாவால் குழந்தைக்குக் கண்புரை வருகிறது என்பதை 1941-இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் உலகுக்குச் சொன்னார். அதற்கான தடுப்பூசியைக் கர்ப்பத்தில் போடக் கூடாது. முன்பே போட்டிருக்க வேண்டும். 2017-இல் தட்டம்மை, ரூபெல்லா ஊசி இயக்கம் முதலில் தொடங்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அன்று பள்ளி வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்ட சிறுமிகள் இன்று தாய்மை வயதை எட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் சுமக்கப்போகும் கருக்களுக்குப் பத்தாண்டு முன்பே கொடுத்த காப்பு அது.

ஆகவே மருத்துவ நண்பர்களிடம் என் வேண்டுகோள்: கர்ப்பகாலத் தடுப்பூசியைத் தாய்க்கு மட்டுமானதாக எண்ணாதீர்கள்; குறைமாதப் பிரசவத்தைத் தள்ளிப்போட முடிகிற ஒவ்வொரு வாரமும் குழந்தைக்குக் கிடைக்கும் எதிர்ப்பொருள் என்பதைத் தாய்மாருக்கு விளக்கிச் சொல்லுங்கள். மாணவர்களிடம் என் வேண்டுகோள்: 2022-இல் கருவின் பல உறுப்புகளிலிருந்து செல்களை ஒவ்வொன்றாகப் படித்து மனித நோயெதிர்ப்பு வளர்ச்சியின் வரைபடம் ஒன்றை வெளியிட்டிருக்கிறார்கள். அதைத் தேடிப் படியுங்கள். நம் ஊரின் உணவும் தொற்றும் இந்த வளர்ச்சியை எப்படி மாற்றுகின்றன என்பதை நம் மருத்துவமனைகளில் நாம்தான் ஆராய வேண்டும். கொள்கை வகுப்போரிடம் என் வேண்டுகோள்: வளரிளம் பெண்ணின் உணவுக்கும் தடுப்பூசிக்கும் ஒதுக்கும் பணத்தை அடுத்த தலைமுறையின் நோயெதிர்ப்புக்கான செலவாகக் கணக்கில் எழுதுங்கள். ஏனெனில் ஒரு குழந்தையின் நோயெதிர்ப்பு, அதன் தாய் சிறுமியாக இருக்கும்போதே நம் பொறுப்பாகிவிடுகிறது.